சாஃப்ட் டார்கெட்னா என்ன? கரிசா காலேஜை ஏன் குறி வச்சாங்க?

சாஃப்ட் டார்கெட்னா காவல் கம்மியா, ஆளுங்க கூட்டமா இருக்கிற இடம். கென்யாவுல கரிசா யுனிவர்சிட்டி காலேஜ்ல 2015 ஏப்ரல் 2 விடியக்காலைல சோமாலியாவோட தீவிரவாத அமைப்பு அல்-ஷபாப் ஆளுங்க நாலு பேர் புகுந்து 148 பேர கொன்னாங்க, பெரும்பாலும் ஸ்டூடன்ட்ஸ், கிறிஸ்தவங்கள பிரிச்செடுத்து சுட்டாங்க. 2011ல கென்யா ராணுவம் சோமாலியாவுக்குள்ள போனதுக்கு பழிவாங்கத்தான்னு சொன்னாங்க, ஆனா ராணுவ முகாம்ல திருப்பி சுடுவாங்க, ஹாஸ்டல்ல தூங்குற பசங்க என்ன பண்ணுவாங்க? பேங்க் லாக்கர விட்டுட்டு திண்ணைல தூங்குற பாட்டி செயினை அறுக்கிற மாதிரிதான். சிறப்புப் படை நைரோபிலருந்து வந்து சேர பல மணி நேரம் ஆச்சு. ஒரு பொண்ணு ரெண்டு நாள் அலமாரிக்குள்ள ஒளிஞ்சு, தாகத்துக்கு பாடி லோஷனை குடிச்சு பிழைச்சா, நினைச்சாலே வயித்த பிசையுது. காலேஜை அதோட மூடிட்டாங்கன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, இல்லங்க, 2016 ஜனவரிலயே மறுபடி தொறந்துட்டாங்க.