தலைத்தோல் மடிப்பு: ஒரே அறுவையில் முடியுமா?

உங்கள் தம்பியின் தலைத்தோல் தடித்து மடிப்பு மடிப்பாக இருக்கிறது, அதை ஒரே அறுவையில் சரிசெய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரிடத்தில் மட்டும் மடிப்பு என்றால் ஒரே அறுவையில் வெட்டித் தைத்துவிடலாம். உங்கள் தம்பிக்கு இருப்பதுபோல் நெற்றியிலிருந்து பிடரி வரை ஓடினால், பெரும்பாலும் கட்டம் கட்டமாகத்தான் செய்வார்கள். தலைத்தோல் அவ்வளவு நெகிழாது. ஒரேயடியாக நிறைய எடுத்தால் தையல் இழுபட்டுத் தழும்பு அகலமாகும், அந்தக் கோட்டில் முடியும் முளைக்காது. சிலருக்கு முதலில் தோலுக்கடியில் பலூன் போன்ற விரிப்பானை வைத்து, வாரக்கணக்கில் சிறிது சிறிதாக உப்புநீர் ஏற்றித் தோலை விரித்துக்கொள்வார்கள்.

ஆனால் அவசரப்பட்டு அறுவைக்குத் தேதி வாங்காதீர்கள். கியூட்டிஸ் வெர்டிசிஸ் கைரேட்டா என்ற இந்த மடிப்பு, பருவ வயதுக்குப் பிறகு ஆண்களுக்குக் காரணமே தெரியாமலும் வரும். தம்பிக்கு மோதிரமும் செருப்பும் இறுகிவிட்டன என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்து வளர்ச்சி ஹார்மோன் கூடினாலும் தோல் இப்படித் தடிக்கும், கைகால்களும் பெரிதாகும்.

பழைய போட்டோவோடு ஒப்பிட்டு, மூக்கும் தாடையும் பெரிதாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் வளர்ச்சி ஹார்மோன் கூடியிருக்கிறதா என்று காட்டும் ஐஜிஎஃப்-1 ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அளவு கூடியிருந்தால் முதலில் அதற்குத்தான் சிகிச்சை.

ஒரு பக்கம் மட்டும், பிறந்ததிலிருந்தே இருக்கும் மடிப்பு என்றால் அது மச்சமாகவும் இருக்கலாம். அதற்கு பயாப்ஸி, அதாவது சிறு துண்டுத் தோலை எடுத்துச் சோதிப்பது, தேவை. எதுவானாலும், சிகிச்சை தொடங்கும்வரை தம்பியிடம் குளித்ததும் மடிப்பின் உள்பக்கத்தை ஈரமில்லாமல் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள், நாற்றமும் புண்ணும் அங்கேதான் தொடங்கும்.