வாசகர் கேள்வி பதில்: மைம்மல் நேரமும் சைக்கிளும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சைக்கிள் விபத்தைப் பற்றியவை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு முழுப் பக்கத்தையும் இதற்கே தருகிறேன்.

கேள்வி: மகன் தரம் 10 படிக்கிறான். ரியூசன் முடிந்து காங்கேசன்துறை வீதியால் சைக்கிளில் வீடு வர இரவு ஏழு மணியாகிறது. பின்னால் வருகிற வாகனம் கண்ணுக்குத் தெரியாதே, அதனால் வலப்பக்கத்தால் எதிரே வருவதைப் பார்த்துக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன். சரிதானே?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: உங்கள் பயம் நியாயமானது அம்மா. ஆனால் அந்த யோசனையை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். ஒழுங்கையிலிருந்து பிரதான வீதிக்கு ஏறுகிற ஓட்டோக்காரர் முதலில் தன் வலப்பக்கம்தான் பார்ப்பார், அவருக்குக் கிட்டவாக வாகனம் வருவது அந்தப் பக்கத்தால்தான். உங்கள் மகனோ அவர் எதிர்பார்க்காத இடப்பக்கத்தால் வந்துகொண்டிருப்பான். அப்புறம் வேகக் கணக்கு ஒன்று இருக்கிறது. வான் 50 கிலோமீற்றர் வேகத்தில் வர, பிள்ளை 15இல் ஓடுகிறான் என்று வையுங்கள். ஒரே திசையில் போனால் இரண்டுக்கும் இடையில் 35தான் வித்தியாசம், எதிர்த்துப் போனால் மோதுகிற வேகம் 65.

பின்னால் வருகிற வாகனத்துக்கான பயத்தை நான் வீண் பயம் என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவில் 2022இல் மட்டும் 1,105 சைக்கிள்காரர் வீதியில் இறந்தார்கள். அங்கே வருடக்கணக்காக எடுத்துவரும் கணக்குகளைப் பார்த்தால் இறந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆண்கள், மாலை ஆறுக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்ட நேரம்தான் மோசமான நேரம், பெரும்பாலான மரணங்கள் நாம் நினைப்பதுபோலச் சந்தியில் அல்ல, சந்திக்கும் சந்திக்கும் இடையில் வாகனங்கள் வேகமெடுக்கிற நேர் வீதியில்தான் நடக்கின்றன. நாடு வேறு, வீதி வேறு என்றாலும் பொழுது சாய்ந்து இருட்டுகிற மைம்மல் நேரத்தில் மருதனார்மடத்துப் பக்கம் ஒருமுறை நின்று பார்த்தால் அந்தக் கணக்கு எனக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. தோட்டத்தால் திரும்புகிறவர்கள், கூலிவேலை முடிந்து வருகிறவர்கள், ரியூசன் பிள்ளைகள், பாதிப் பேருக்குப் பின் லைற் இல்லை.

என் பெரியப்பாவும் அப்படித்தான் போனார். வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிவிட்டு வந்தவரைப் பின்னால் வந்த வான் இடித்தது. சாரதி குடித்திருக்கவில்லை, பெரிய வேகமும் இல்லை, “ஆள் தெரியவேயில்லை” என்று அழுதார். நான் அவரை நம்புகிறேன். 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் போய்விடும், கண் கண்டு கால் பிறேக்குக்குப் போக எப்படியும் ஒரு விநாடி பிடிக்கும். எதிரே வருகிற வாகனத்தின் லைற் கண்ணில் அடித்தால் அந்த 17 மீற்றருக்குள் இருக்கிற ஆள்கூடத் தெரியாது.

ஆகவே மகனை இடப்பக்கத்தால் வரச் சொல்லுங்கள், சைக்கிளின் பின்னால் பற்றரியில் எரிகிற சிவப்பு லைற் ஒன்று வாங்கிப் பூட்டுங்கள். ரியூசன் காசில் ஒரு பங்கும் வராது. கணுக்காலில் ஒளி பட்டால் மின்னுகிற பட்டி கட்டினால் இன்னும் நல்லது, கால் ஏறி இறங்குவதைக் கண்டதும் அது சைக்கிளில் வருகிற மனிதர் என்று சாரதிக்குத் தூரத்திலேயே விளங்கிவிடும். வெள்ளைச் சேட்டை மட்டும் நம்பவேண்டாம்.

கேள்வி: வயது 71. ஐம்பது வருடமாகச் சைக்கிள்தான். குண்டும் குழியுமாக இருந்த வீதியில் வராத பயம் காப்பெற் போட்ட பிறகு வருகிறது. வயதுதான் காரணமா?
– ஒரு வாசகர், சாவகச்சேரி

பதில்: வயதும் ஒரு காரணம் ஐயா, வீதி அதைவிடப் பெரிய காரணம். அந்தக் குண்டும் குழியும் நமக்குத் தெரியாமலே வாகனங்களைப் பிடித்து வைத்திருந்தன. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் வலு நான்கு மடங்காகும். ஒரு வீதியின் சராசரி வேகம் 1 வீதம் கூடினாலே உயிர் போகும் விபத்துக்கான ஆபத்து 4 வீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் சட்டப்படி ஊர்மனைக்குள் 50, வெளியே 70. கண்டி வீதியில் யார் அதைப் பார்த்து ஓடுகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தொண்ணூறுகளில் போரால் எரிபொருள் தடை இருந்த காலத்தில் வீதி முழுக்கச் சைக்கிள்தான், நெல் மூட்டை, நோயாளி, கல்யாண மாப்பிள்ளை எல்லாம் அதில்தான். அப்போது நாம் பயந்து அண்ணாந்து பார்த்தது வானத்தை. 2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோதும் சில மாதம் அந்தக் காட்சி திரும்பி வந்தது. சைக்கிள் ஓடுகிறவர்கள் கூடக் கூட ஒவ்வொருவருக்குமான ஆபத்துக் குறைகிறது என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு பல நகரங்களை ஒப்பிட்டுக் காட்டியது, சைக்கிளைத் தினமும் காண்கிற சாரதியின் கண் அதற்குப் பழகிவிடுகிறது. இப்போது நீங்கள் அந்த வீதியில் தனி ஆளாகப் போகிறீர்கள்.

வயதைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். நெதர்லாந்து சைக்கிளுக்கென்றே தனிப் பாதை போட்ட நாடு. அங்கேயே 2017இல் காரில் இறந்தவர்கள் 201 பேர், சைக்கிளில் இறந்தவர்கள் 206 பேர், இவர்களில் முதியவர்கள்தான் அதிகம். விழுந்தால் இளம் உடம்பு தாங்குகிற அடியை முதிய உடம்பு தாங்காது. கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதும் கஷ்டம், ஆகவே வலப்பக்கக் கைபிடியில் கண்ணாடி ஒன்று பூட்டுங்கள். உள் வீதியால் போக வழி இருந்தால் பத்து நிமிடம் சுற்றினாலும் அதாலேயே போங்கள். சைக்கிளை விடச் சொல்லி நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: நான் டிப்பர் ஓடுகிறேன். சந்தியில் இடப்பக்கம் திரும்பச் சிக்னல் போட்ட பிறகும் சைக்கிள்காரர் உள்ளே புகுந்துவிடுகிறார்கள். இடித்தால் எங்களைத்தான் அடிக்க வருகிறார்கள்.
– ஒரு சாரதி, கொடிகாமம்

பதில்: தம்பி, நீங்கள் எழுதியதற்கு நன்றி, இந்தப் பக்கத்தை வாசிக்கிற சைக்கிள்காரருக்கு இது கட்டாயம் தெரியவேண்டும். உயரத்தில் இருக்கிற சாரதிக்குத் தன் இடப்பக்கக் கதவுக்குக் கீழே நிற்கிற சைக்கிள் தெரியாது, பெரிய வாகனம் திரும்பும்போது பின் சில்லு முன் சில்லு போன வழியால் வராமல் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். லண்டனிலும் நம்மைப் போல இடப்பக்க ஓட்டம்தான். லொறிகள் அங்கே ஓடுகிற வாகனங்களில் சிறு பங்குதான், ஆனாலும் சைக்கிள்காரர் இறந்த விபத்துகளில் லொறிகள் சம்பந்தப்பட்டவை மிக அதிகம். அதனால்தான் 2021 மார்ச்சிலிருந்து 12 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகளுக்குச் கண்ணாடியின் உதவி இல்லாமல் சாரதி தன் இருக்கையிலிருந்து நேரே எவ்வளவு பார்க்க முடிகிறது என்ற அளவை வைத்து அனுமதி கொடுக்கிறார்கள். சந்தியில் நிற்கிற லொறி, பஸ்ஸின் இடப்பக்கம் போகவே கூடாது, பின்னால் நில்லுங்கள். நீங்களும் திரும்ப முதல் இடக் கண்ணாடியை இரண்டாம் முறை பாருங்கள், ஓடுவது பத்துத் தொன் இரும்பு.

கேள்வி: ஹெல்மெற் போட்டால் போதுமா?
– திருநெல்வேலி மாணவர்

பதில்: போடுங்கள், தலையில் ஏற்படும் கடுமையான காயத்தை மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் குறைக்கும். இடிக்க வருகிற வாகனத்தை அது நிறுத்தாது.

கேள்வி: நிற்பாட்டியிருந்த காரின் கதவு திடீரென்று திறந்து நான் விழுந்தேன். யார் பிழை?
– நல்லூர் வாசகி

பதில்: கதவைத் திறந்தவர் பிழை. கார் ஓடுகிறவர்கள் வலக் கதவை இடக் கையால் திறந்து பழகுங்கள், உடம்பு தானாகத் திரும்பிப் பின்னால் பார்க்கும். தங்கச்சி, நிற்கிற வாகனத்தை விட்டு ஒரு கதவு அகலம் தள்ளிப் போங்கள்.

கேள்வி: நான் தரம் 8 மாணவி. அப்பப்பாவின் பழைய சைக்கிளில் டைனமோ இருக்கிறது. அதுவே போதும் என்கிறார்.
– சுன்னாகம்

பதில்: முன் லைற்றுக்கு அது நல்லதுதான் பிள்ளை. ஆனால் சில்லு நின்றால் வெளிச்சமும் நின்றுவிடும், வலப்பக்கம் திரும்ப நடுவீதியில் காத்து நிற்கிற நேரம்தான் உமக்கு அது கட்டாயம் வேண்டிய நேரம். பின்னால் பற்றரி லைற் ஒன்று வேறாகப் பூட்டச் சொல்லும், மட்காட்டில் இருக்கிற சிவப்புக் கண்ணாடியில் சேறு படிந்திருந்தால் துடைத்துவிடும். பற்றரி கிடைக்காத காலத்தில் இதே டைனமோவைச் சுற்றித்தான் எங்கள் வீடுகளில் றேடியோ கேட்டோம். அப்பப்பாவும் கேட்டாரா என்று கேட்டு எனக்கு எழுதும்.