குழுவில் வாய் திறக்காத மகள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அம்மா, உங்கள் மகளின் மார்க்கைப் பார்த்தேன். தனியாகச் செய்த அசைன்மென்ட் எல்லாவற்றிலும் நன்றாக வாங்கியிருக்கிறாள். குழு ப்ராஜெக்டில் மட்டும்தான் சறுக்கல். "இங்கிலீஷ் போதவில்லையோ, இந்த ஆன்லைன் எம்.எஸ். இவளுக்கு ஒத்துவராதோ" என்று கேட்டிருந்தீர்கள். ஒத்துவரும். நிறுத்திவிடாதீர்கள்.

அவளிடம் அரை மணி நேரம் பேசினேன். குழுவின் உரையாடலைத் திறந்து காட்டினாள். தரவைச் சுத்தம் செய்த வேலை முழுக்க அவளுடையது. ஆனால் அவள் பெயரில் அங்கே இருந்தது "ஓகே", "ஷ்யூர்", "தேங்க்ஸ்", இவ்வளவுதான். இரண்டாம் வாரமே ஒரு கணக்கு தப்பு என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. போட்டவர் பத்து வருடம் வேலை பார்த்த அமெரிக்கர், வயதில் மூத்தவர். எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டாள். கடைசியில் குழுவினர் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டபோது, இவள் பங்கு குறைவு என்று எழுதிவிட்டார்கள்.

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்த்தது நாம்தான். அது தப்பான வளர்ப்பு இல்லை. ஒரே அறையில் இருந்திருந்தால் அவள் முகத்தைப் பார்த்தே "என்னம்மா, ஏதோ சொல்ல வந்தாயே" என்று யாராவது கேட்டிருப்பார்கள். திரையில் அது நடக்காது. எழுதாதவர் அங்கே வராதவராகிவிடுகிறார்.

இந்தத் தயக்கம் உங்கள் மகளுக்கு மட்டும் வந்ததில்லை. ஐஐடி கான்பூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த பூஜா நாத் சங்கருக்கும் இருந்தது. வகுப்பில் பெண்கள் வெகு சிலர். பையன்கள் கூடிப் பேசித் தீர்த்துக்கொள்வார்கள், இவர் கேட்கக் கூச்சப்பட்டுத் தனியே உட்கார்ந்திருப்பார். பின்னாளில் அமெரிக்காவில் படித்தபோது, 2009இல், மாணவர்கள் கேள்வி கேட்கவென்றே பியாட்சா என்ற இணையத்தளத்தைத் தொடங்கினார். அதில் சக மாணவர்களுக்குப் பெயர் தெரியாமலும் கேட்கலாம். அந்த வசதியின் அருமை, கூச்சத்தோடு மூலையில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். மகளின் வகுப்பிலும் இப்படி ஒரு வசதி இருந்தால் முதல் மாதம் அதில் பழகட்டும்.

குழு வேலைக்கு அது போதாது, அங்கே பெயரோடுதான் பேசியாக வேண்டும். "நீங்கள் போட்டது தப்பு" என்று சொல்ல அவளுக்கு நா எழாது, எழவும் வேண்டாம். "எனக்கு வேறு விடை வருகிறது, என் கணக்கை இணைத்திருக்கிறேன், சேர்ந்து பார்க்கலாமா?" என்று எழுதச் சொன்னேன். மரியாதையும் குறையாது, வேலையும் கண்ணில் படும். அந்த "ஓகே"யையும் விடச் சொன்னேன். நமக்கு அது "கேட்டுக்கொண்டேன்". எதிரே இருப்பவருக்கு அது "செய்துவிடுகிறேன்". செய்வதென்றால் எந்தக் கிழமைக்குள் என்று சேர்த்து எழுதட்டும்.

நேரத்தைப் பற்றியும் முதல் வாரமே பேசிவிட வேண்டும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 7 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு மறுநாள் விடிகாலை 5:30. மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தை முன்னே தள்ளியதும் அது 4:30 ஆகிவிடும். ஒரு வாரம் அவர்களுக்குத் தோதாக, ஒரு வாரம் நமக்குத் தோதாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பதில் தப்பே இல்லை. கேட்டால்தான் அவர்களுக்கே அது உறைக்கும்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். மீட்டிங்கில் மைக்கை அணைத்தே வைத்திருந்தது ஏன் என்றேன். "அடுப்படியில மிக்ஸி ஓடும் சார், வெளிய கேட்டா அசிங்கமா இருக்கும்" என்றாள். வெள்ளிக்கிழமை 5:30க்குப் புதுக் குழுவின் முதல் மீட்டிங் இருக்கிறதாம். அன்றைக்குச் சட்னியை ஆறரைக்கு மேல் அரையுங்கள் அம்மா.