காசநோய்க்காக லீவில் இருக்கும் என் அண்ணனைக் கம்பெனி வேலையை விட்டு நீக்க முடியுமா?

முதலில் ஒன்றை அண்ணனிடம் இன்றே சொல்லிவிடுங்கள். "ராஜினாமா எழுதிக் கொடு, குணமானதும் சேர்த்துக்கொள்கிறோம்" என்று யார் கேட்டாலும் கையெழுத்துப் போட வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

2019-இல் எனக்கும் இதே நோய். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். மருந்து ஆரம்பித்த இரண்டாவது மாதம் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேசைமேல் ராஜினாமாக் கடிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது, தேதி போடும் இடம் மட்டும் காலி. "உடம்பைப் பாருங்க, நல்லானதும் வாங்க" என்று மேனேஜர் அன்பாகத்தான் பேசினார். நான் பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். கூட வந்திருந்த என் மனைவிதான் அதை வாங்கி மேசையில் வைத்து, "வீட்ல கலந்து பேசிட்டு வர்றோம் சார்" என்று என்னை எழுப்பிக் கூட்டி வந்தாள்.

அங்கிருந்து நேராக ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கிளை அலுவலகம் போனோம். 1948-ஆம் வருட ஈஎஸ்ஐ சட்டத்தின் 73-வது பிரிவைப் பற்றி அங்கேதான் தெரிந்தது. நோய்க்கால உதவித்தொகை வாங்கும்போதோ, முறையான மருத்துவச் சான்றோடு சிகிச்சையில் இருக்கும்போதோ தொழிலாளியை நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது, தண்டிக்கவும் கூடாது. அந்தச் சமயத்தில் தரும் நோட்டீஸ் செல்லாது. ஆனால் நாமே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் அது நீக்கம் ஆகாது. அந்தக் கடிதம் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்தப் பாதுகாப்புக்கும் ஒரு எல்லை உண்டு. பொதுவான நோய்க்குத் தொடர்ந்து 6 மாதம், காசநோய்க்கு 18 மாதம் ஆகிவிட்டால், பணி நிபந்தனைகள் இடம் கொடுத்தால், நோட்டீஸ் கொடுத்து நீக்கலாம் என்று அதன் விதிகளில் இருந்தது. வழக்கமான காசநோய் மருந்து 6 மாதம்தான், அதனால் அண்ணனுக்கு நேரம் இருக்கிறது.

கவனிக்க வேண்டியது சான்றிதழ். இடையில் ஒரு வாரம் விட்டுப்போனாலும் "தகவல் இல்லாமல் வரவில்லை" என்று நடவடிக்கை எடுக்க வழி கிடைத்துவிடும். டிஸ்பென்சரியில் ஒவ்வொரு முறை சான்று வாங்கியதும் ஜெராக்ஸ் எடுத்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் கம்பெனிக்கு அனுப்பினேன். திரும்பி வந்த அட்டைகளை மனைவி ஒரு மஞ்சப்பையில் போட்டு, அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்தாள். மருந்து முடிந்து ஃபிட்னஸ் சான்றோடு போனபோது பையையும் எடுத்துப் போனோம். பழைய கட்டிங் டேபிளிலேயே நிற்கச் சொன்னார்கள்.

பணம் பற்றி: நோய்க்கால உதவி சம்பளத்தில் 70 சதவீதம், 91 நாள் வரை. காசநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், இரண்டு வருட சர்வீஸும் ஈஎஸ்ஐ சந்தா கட்டிய நாட்கள் போதிய அளவும் இருந்தால், அதற்குப் பிறகும் 80 சதவீதம் கிடைக்கும். மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டி ஈஎஸ்ஐ இல்லாதவர் என்றால் இதெல்லாம் பொருந்தாது. நியமனக் கடிதத்தையும் கம்பெனி நிலையாணையையும் (வேலை விதிகள்) தான் பார்க்க வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் அந்த 1948 சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. கம்பெனிக்குக் கடிதம் எழுதினால் பிரிவு எண்ணையும் கால வரம்பையும் கிளை அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவேளை அண்ணன் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், அதைக் கம்பெனி ஏற்றுக்கொள்வதற்கு முன்பே "ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன்" என்று நாளைக் காலையே தபாலில் அனுப்பச் சொல்லுங்கள்.