யானைக்குப் பூச்சி மருந்து: முதலில் லத்தியைப் பாருங்கள்

ஈரோட்டு வாசகி: கோயில் யானை மண்ணை அள்ளித் தின்கிறது. பூச்சிதான் என்கிறார் பாகன். உண்மையா, டாக்டர் ஐயா?

பாதி உண்மை, அம்மணி. உப்புச் சத்து குறைந்தாலும் மண் தின்னும். பாகனின் கண்ணை மதிக்கிறேன். ஆனால் புழு முட்டையை நுண்ணோக்கியில்தான் எண்ண முடியும். அப்போதுதான் விழுந்த லத்தியை (யானைச் சாணத்தை) உடைத்து, தரை படாத நடுப்பகுதியில் ஒரு கைப்பிடி எடுக்கச் சொல்லுங்கள். மண்ணிலுள்ள புழுக்கள் ஒட்டினால் சோதனை குழம்பிவிடும்.

காங்கேயத்து விவசாயி: ஆட்டுக்குக் கொடுக்கும் மாத்திரையே யானைக்கும் ஆகுமா?

மருந்து ஒன்றுதான், கணக்கு வேறு. ஃபென்பெண்டசோல் என்ற பூச்சி மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று வைத்தால், 3,000 கிலோ யானைக்கு 15 கிராம். ஆட்டுக்கான 150 மில்லிகிராம் மாத்திரையில் நூறு! எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல், மார்புச் சுற்றளவை நாடா வைத்து அளந்து மருத்துவர் கணிக்கட்டும். குறைத்துக் கொடுத்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிவிடும்.

கொடுப்பது அதைவிடப் பெரிய வேலை. கேழ்வரகுக் களிக் கவளத்தில் வெல்லத்தோடு பொதிய வேண்டும். முதல் இரண்டு கவளம் வெறுமனே, மூன்றாவதில் மருந்து. ஒருமுறை வாசனை பிடித்துவிட்டால் அந்த வாரம் முழுக்க உங்கள் கையை நம்பாது. நான் பட்டிருக்கிறேன்.

ஆனைமலையிலிருந்து ஒரு காவடி (உதவிப் பாகன்): தாடையிலும் அடிவயிற்றிலும் நீர் கோத்திருக்கிறது. வாய்க்குள் வெளுத்திருக்கிறது.

ஈரல் தட்டைப்புழுவைச் சந்தேகப்படு, தம்பி. இது குட்டை நீர் நத்தை வழியாக வருவது. உருண்டைப்புழு மருந்தை மட்டும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. டிரைக்ளாபெண்டசோல் போன்ற தட்டைப்புழு மருந்து தேவைப்படலாம். இன்றே மருத்துவரை வரச் சொல்.

கோவை வாசகர்: கழிச்சல் கண்டால் உடனே ஆன்டிபயாடிக் போடலாமா?

வேண்டாம். காய்ந்த தீவனத்திலிருந்து திடீரென்று பசும்புல்லுக்கு மாற்றினாலும் கழியும். விழுந்தவுடன் லத்திக்குள் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். 36 முதல் 37 டிகிரி செல்சியஸ் இயல்பு. காய்ச்சல், ரத்தம், துர்நாற்றம் சேர்ந்தால் சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாவாக இருக்கலாம். அப்போதும் முதலில் மாதிரி எடுத்து வளர்சோதனைக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்ப வேண்டும். சிகிச்சையை மருத்துவர் தொடங்குவார். யானை குதிரையைப் போலப் பெருங்குடலில் தீவனத்தை நொதிக்க வைக்கும் உயிர். வாய்வழி ஆன்டிபயாடிக் அங்குள்ள நல்ல கிருமிகளையும் அழித்துவிடும்.

கோபிசெட்டிபாளையம் வாசகர்: வேப்பிலை போதாதா?

தின்றால் தின்னட்டும். கட்டுத்தறியில் லத்தியைத் தினமும் அள்ளுங்கள், இல்லையென்றால் எதைக் கொடுத்தாலும் புழு திரும்ப வரும். பதினைந்தாம் நாள் முட்டையை எண்ணிப் பார்த்துவிட்டு, வேப்பிலை வென்றதா என்று எனக்கும் எழுதுங்கள்.