திறந்தவெளிச் சிறை, தொழிற்பயிற்சி: பாலக்கோடு அக்காவுக்கு

சேலம் மத்திய சிறையிலுள்ள தம்பியைத் திறந்தவெளிச் சிறைக்கு (காவல் குறைவாக, திறந்த இடத்தில் வேலை செய்யும் சிறை) மாற்ற முடியுமா, உள்ளே கற்ற தொழில் வெளியே சோறு போடுமா என்று கேட்டிருந்தீர்கள் அக்கா.

தண்டனை பெற்றவர் என்றால் கேட்கலாம், விசாரணைக் கைதிக்குக் கிடையாது. நன்னடத்தையைத்தான் முதலில் பார்ப்பார்கள். கோவை சிங்காநல்லூர், சிவகங்கை புரசடை உடைப்பு ஆகிய திறந்தவெளிச் சிறைகள் இரண்டிலும் விவசாய வேலை. தக்காளித் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது கைவந்த வேலைதானே. மனுவைத் தம்பியே சிறைக் கண்காணிப்பாளரிடம் கொடுக்கட்டும். எழுத வக்கீலுக்குக் காசு கொட்டாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சிறையிலிருப்பவருக்கு இலவச உதவி உண்டு, தொலைபேசி எண் 15100.

அப்புறம் தொழில். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வெல்டிங் தெரியும் என்று வாயால் சொன்னால் போதாது, சான்றிதழ் கேட்பார்கள். பயிற்சி முடிந்ததும் கையோடு வாங்கச் சொல்லுங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.