ஏற்காடு ஏறிய கால்களுக்குக் கடற்கரைச் சாலை

வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்: எனக்கு 46 வயது, பள்ளி ஆசிரியை. ஓராண்டாக ஞாயிறுதோறும் விடியற்காலையில் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சைக்கிளில் ஏறி இறங்கி வருகிறேன். ஏழை நோயாளிகளின் டயாலிசிஸ் செலவுக்கு நிதி திரட்டுவதற்காக, வரும் தை மாதம் புதுச்சேரியிலிருந்து ராமேசுவரம் வரை, நாளொன்றுக்கு 90 கி.மீ. வீதம் ஐந்து நாள் நடக்கும் பயணத்தில் சேரும்படி தோழிகள் அழைக்கிறார்கள். மலையே ஏறுகிறவளுக்குச் சமவெளி எம்மாத்திரம் என்பது அவர்கள் வாதம். அது சரிதானா? வழியில் கழிப்பறைக்கு என்ன செய்வது என்ற கவலையும், பிறரிடம் பணம் கேட்பதில் கூச்சமும் எனக்கு இருக்கின்றன.

பதில்: தோழிகள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்கு வாரந்தோறும் ஏறுகிற உங்கள் நெஞ்சுக்கும் தொடைக்கும் இந்தத் தூரம் பெரிய பாரம் ஆகாது. ஆனால் கடற்கரைச் சாலை சோதிப்பது நெஞ்சையும் தொடையையும் அல்ல. ஏற்காட்டுப் பாதையில் நீங்கள் அவ்வப்போது சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிக்கிறீர்கள். இறங்கும்போது கால்களுக்கு முழு ஓய்வு கிடைக்கிறது. கடற்கரையிலோ இறக்கம் என்பதே இல்லாததால், மிதிப்பதை நிறுத்தினால் வண்டியும் நின்றுவிடும். ஐந்தாறு மணி நேரம் ஒரே சாய்வில் உட்கார்ந்து, கைகளை ஒரே இடத்தில் ஊன்றி மிதிக்க வேண்டும். மறுநாள் விடிந்ததும், முந்தைய நாள் வலி ஆறாத அதே இடத்தை மீண்டும் சீட்டில் வைக்க வேண்டும்.

நான் இதே சாலையில் முதன்முறை சென்றபோது, மூன்றாம் நாள் காலை கொள்ளிடம் பாலத்தைக் கடப்பதற்குள் இடக்கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. அன்றிரவு சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் உடன் வந்தவரிடம் கையை நீட்டி நின்றேன். உள்ளங்கையின் ஓரமாகச் செல்லும் நரம்பு ஹேண்டில்பாரில் மணிக்கணக்கில் அழுந்தியதே காரணம். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றியிருந்தால், முன்பக்கம் சாய்ந்திருந்த சீட்டைச் சமமாக வைத்திருந்தால், அந்தத் துன்பம் நேர்ந்திருக்காது.

ஆகவே பொங்கல் வரை கிடைக்கும் வாரங்களில் மலையைச் சற்று ஒதுக்கிவைத்து, சமதரைக்குப் பழகுங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து ஓட்டுவதுதான் இதில் முக்கியம்; ஒரே நாளில் 120 கி.மீ. ஓட்டுவதைவிட, இரு நாளும் 60 கி.மீ. ஓட்டுவது உங்களுக்கு அதிகம் கற்றுத் தரும். நாளுக்கு 40 கி.மீ. என்று தொடங்கி, மார்கழி நடுவில் 80 கி.மீ. வரை உயர்த்தி, புறப்படுவதற்கு முந்தைய வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள். சேலத்திலிருந்து மேட்டூருக்கு ஏறத்தாழ 50 கி.மீ. இருப்பதால், ஒரு முறை போய் வந்தாலே நூறு கிலோமீட்டர் என்றால் என்ன என்பதை உடம்பு தெரிந்துகொள்ளும். உள்ளே மெத்தை வைத்துத் தைத்த சைக்கிள் கால்சட்டையை உள்ளாடையின்றி நேரடியாக அணிய வேண்டும். அதைத் தினமும் துவைத்து, நன்றாக உலர்ந்த பிறகே மீண்டும் போட வேண்டும். இரண்டு கால்சட்டை இல்லாமல் ஐந்து நாள் பயணத்துக்குப் புறப்படாதீர்கள்.

காற்றைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நாலாபுறமும் மலை சூழ்ந்த ஊரில் ஓட்டிப் பழகியவர்களுக்கு அதன் வலிமை தெரிவதில்லை. தை மாதத்தில் கடற்கரையில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும் என்பதால், தெற்கு நோக்கிச் செல்லும் உங்களுக்கு முதல் நான்கு நாளும் அது பெரும்பாலும் துணையாகவே இருக்கும். ராமநாதபுரத்தைத் தாண்டியதும் சாலை கிழக்கே திரும்புகிறது. அதுவரை முதுகைத் தள்ளிய அதே காற்று இடப்புறமிருந்து முகத்தில் மோதத் தொடங்கும். களைப்பு மிகுந்த கடைசி நாளில், இருபுறமும் கடல் திறந்து கிடக்கும் பாம்பன் சாலைப் பாலத்தை அந்தக் காற்றில்தான் கடக்க வேண்டும். 1988-ல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ளது. பேருந்து ஒன்று உங்களைக் கடக்கும் நொடியில் காற்றின் போக்கு சட்டென்று மாறி வண்டியைத் தடுமாறச் செய்யலாம். பிடியைத் தளர்த்தாமல், பக்கவாட்டில் இடம் விட்டு ஓட்டுங்கள். கடைசி நாளுக்கென்று தெம்பை மிச்சம் வைப்பது கட்டாயம்.

கழிப்பறைக் கவலையைப் பற்றி வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. பல பெண்கள் இதை வெளியே சொல்லாமல், தண்ணீரைக் குறைத்துக் குடித்தே சமாளிக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். கடற்கரையின் புழுக்கத்தில் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருப்பதால் உடம்பு எளிதில் சூடேறும்; சிறுநீரை அடக்குவதால் வரும் தொற்று பயணத்தையே முடித்துவிடும். தாகத்தை அலட்சியம் செய்யாமல், மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை குடியுங்கள். அதில் ஒரு பகுதி உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். ஆக இருக்கட்டும். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம், அங்கே பெண்களுக்குக் கழிப்பறை உண்டா, மாதவிடாய் நாளில் துணை வாகனத்தில் ஏறிக்கொள்ளலாமா என்று ஏற்பாட்டாளரிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் ஏற்பாட்டாளரோடு நீங்கள் போகத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

பணம் கேட்கும் கூச்சத்துக்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: உங்கள் அறை, உணவு, பனியன் செலவை நீங்களே ஏற்றுக்கொண்டு, கொடுப்பவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். "என் செலவு என்னுடையது, நீங்கள் தருவது முழுவதும் நோயாளிக்கு" என்று சொல்ல முடிந்தவரின் குரலில் தயக்கம் தானாகவே குறையும். பணத்தை உங்கள் கணக்கில் வாங்காமல், நேரே அறக்கட்டளையின் கணக்குக்கு அனுப்பச் சொல்லி, ரசீதை வாங்கிக் கொடுங்கள். ரொக்கமாகத் தரும் நன்கொடை 2,000 ரூபாயைத் தாண்டினால் வரிச்சலுகை கிடைக்காது என்பதையும், பழைய வரிமுறையில் இருப்பவருக்கே அந்தச் சலுகை உண்டு என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

வாசகர், ஓமலூர்: இதே போன்ற பயணத்துக்கு 19 வயதான என் மகன் கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் போகிறேன் என்கிறான். அனுமதிக்கலாமா?

பதில்: தாராளமாக அனுமதிக்கலாம். அந்தச் சாலையில் ஏற்றம் மிகக் குறைவு என்பதால் கியர் இல்லாதது பெரிய குறை அல்ல. எதிர்காற்றில் மட்டும் மற்றவர்களைவிடச் சற்றுப் பின்தங்குவான். சீட்டின் உயரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். உப்புக்காற்று செயினை வெகு விரைவில் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால், தினமும் மாலையில் நல்ல தண்ணீரில் துடைத்து, உலர்ந்தபின் எண்ணெய் விட வேண்டும். பையில் இரண்டு டியூபும் ஒரு பம்பும் இருக்கட்டும். புறப்படுவதற்கு முன்பு, உங்கள் வீட்டு முற்றத்திலேயே பின்சக்கரத்தைத் தானே கழற்றி, டியூபை மாற்றி, மீண்டும் மாட்டி உங்களிடம் காட்டச் சொல்லுங்கள்.